பள்ளிகளுக்கு உறுதிமொழி தந்த சாக்ளா

பள்ளிக்கூட வாசலை மிதித்த ஒவ்வொருவருக்கும் மனப்பாடமாகத் தெரிந்த உரைநடைப் பகுதி ஒன்று நம் நாட்டில் உண்டு. குறள் மறந்துபோகலாம், வாய்பாடு மறந்துபோகலாம், காலைக் கூட்டத்தில் வலக்கையை முன்னே நீட்டிச் சொன்ன நாட்டு உறுதிமொழி மட்டும் பாட்டியான பிறகும் நாவில் நிற்கும். அதை எழுதியவர் யார், நாடெங்கும் பள்ளிகளில் சொல்லவேண்டும் என்று முடிவு செய்த அவைக்குத் தலைமை வகித்தவர் யார் என்று கேட்டால், நூற்றில் ஒருவர் விடை சொல்வதும் அரிது. எழுதியவர் ஆந்திர மாநிலத்து அரசு அலுவலர் ஒருவர். அவரைப் பற்றிப் பின்னால் கூறுகிறேன். அவைக்குத் தலைமை வகித்தவர் அப்போதைய மத்தியக் கல்வி அமைச்சர் எம். சி. சாக்ளா அவர்கள்.

சிறுவர் சிறுமியர் இப்படி ஓர் உறுதிமொழி சொல்லத்தான் வேண்டுமா என்று பெற்றோரில் சிலரும் கற்றோரில் பலரும் கேட்பதுண்டு. எட்டு வயதுக் குழந்தைக்கு அதன் பொருள் விளங்குமா? விளங்காமல் சொல்லும் சொல் வாக்குறுதி ஆகுமா? சொல்ல மறுக்கும் பிள்ளையை என்ன செய்வது? இவை விதண்டாவாதங்கள் அல்ல, நேர்மையான கேள்விகள். இவற்றுக்கு விடை தேடுவோர் சாக்ளா அவர்களின் வாழ்க்கையை ஒருமுறை புரட்டிப் பார்ப்பது நல்லது. நாட்டுப்பற்று என்பது எது என்ற கேள்வி அவரை வாழ்நாள் முழுவதும் பல உருவங்களில் வந்து சோதித்தது.

மகமதலி கரீம் சாக்ளா 1900-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-ஆம் நாள் பம்பாயில் பிறந்தார். வசதி மிக்க இஸ்மாயிலி கோஜா முஸ்லிம் குடும்பம். ஐந்து வயதில் தாயை இழந்தார். வீட்டில் எல்லாம் இருந்தும் தாய்மடி இல்லாத தனிமையில் வளர்ந்த பிள்ளை அவர். குடும்பத்தின் பெயர் முதலில் சாக்ளா அன்று. வணிகர் என்று பொருள்படும் மெர்ச்சன்ட் என்பதுதான் பெயர். பணத்தை நினைவூட்டும் அந்தப் பெயர் இளைஞருக்குப் பிடிக்கவில்லை. வேறு என்ன பெயர் வைத்துக்கொள்ளலாம் என்று பாட்டனாரிடம் கேட்டார். பாட்டனார் தம் மகனை, அதாவது இவருடைய தந்தையை, செல்லமாகச் சாக்ளா என்று அழைப்பது வழக்கம். கச்சி மொழியில் அதற்குச் செல்லப்பிள்ளை என்று பொருளாம். அந்தச் செல்லப்பெயரே பிற்காலத்தில் ஒரு பெரிய நீதிபதியின் பெயராக நிலைத்தது.

அவர் படித்தது பம்பாய் புனித சவேரியார் உயர்நிலைப் பள்ளியிலும், பிறகு அதே பெயர் கொண்ட கல்லூரியிலும். இரண்டும் சேசு சபைக் குருக்கள் நடத்தியவை. முஸ்லிம் வீட்டுப் பிள்ளை, கிறிஸ்தவக் குருக்களின் பள்ளி, இந்துக்களும் பார்சிகளும் உடன்படித்த தோழர்கள்! அனைவரும் உடன்பிறந்தோர் என்பதை உறுதிமொழியில் சொல்ல வேண்டிய தேவையே இல்லாமல் ஒரே வாங்கில் உட்கார்ந்து பழகிய தலைமுறை அது.

அவருக்கு எட்டு வயது நடக்கும்போது பம்பாய் நகரைக் குலுக்கிய நிகழ்ச்சி ஒன்று நடந்தது. 1908 ஜூலை மாதம் லோகமான்ய பால கங்காதர திலகர் மீது அரசுத்துரோக வழக்கு நடந்தது. பம்பாய் உயர்நீதிமன்றத்தில் அவருக்கு ஆறு ஆண்டு நாடுகடத்தல் தண்டனை விதித்தார்கள். பர்மாவில் மாண்டலே சிறைக்கு அனுப்பினார்கள். அதே ஜூலையில்தான் நம் தமிழகத்தில், திருநெல்வேலியில், கப்பலோட்டிய வ. உ. சிதம்பரம் பிள்ளைக்கும் அரசுத்துரோகக் குற்றம் சுமத்தித் தண்டனை தந்தார்கள் என்பதை நம் மாணவியர் வரலாற்றுப் பாடத்தில் படித்திருப்பீர்கள். அந்தக் காலத்தில் விசுவாசம் என்றால் ஆங்கிலேயச் சக்கரவர்த்திக்கு விசுவாசம். அதை மறுத்தவர் துரோகி. திலகரின் வழக்கு நடந்த நீதிமன்றத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சாக்ளா அங்கே திரும்பவும் வருவார்.

1918-இல் சாக்ளா இங்கிலாந்து சென்று ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் லிங்கன் கல்லூரியில் வரலாறு படித்தார். அங்கே இந்திய மாணவர் கூடிப் பேசும் மஜ்லிஸ் என்ற மன்றத்தின் தலைவராகவும் இருந்தார். பாரிஸ்டர் பட்டம் பெற்று 1922-இல் பம்பாயில் வழக்கறிஞராகப் பதிவு செய்துகொண்டார். வழக்கறிஞர் தொழிலின் தொடக்கம் அவருக்கு எளிதாக இருக்கவில்லை. வழக்கு வராமல் காத்திருந்த ஆண்டுகள் பல. பின்னர் அரசு சட்டக் கல்லூரியில் ஆசிரியராகவும் பணிபுரிந்தார். டாக்டர் அம்பேத்கர் அவர்களும் பாடம் சொல்லிய கல்லூரி அது.

இளம் வழக்கறிஞர் சாக்ளா யாரிடம் தொழில் பழகினார் தெரியுமா? முகமது அலி ஜின்னாவிடம்! அந்நாளைய ஜின்னா இந்து முஸ்லிம் ஒற்றுமையின் தூதர் என்று போற்றப்பட்டவர். சாக்ளாவுக்கு அவர் மீது அளவற்ற மதிப்பு. 1928-இல் மோதிலால் நேரு குழுவின் அறிக்கை வந்தது. முஸ்லிம்களுக்கென்று தனி வாக்காளர் தொகுதி வேண்டாம், எல்லாரும் சேர்ந்தே வாக்களிக்கலாம் என்பது அதன் சாரம். சாக்ளா அதை ஆதரித்தார், ஜின்னா ஏற்கவில்லை. அங்கே தொடங்கிய விரிசல் நாளடைவில் முற்றும் பிரிந்துபோவதில் முடிந்தது. தொழில் கற்றுத் தந்த பெரியவரை எதிர்த்து நிற்பது எந்த இளைஞருக்கும் எளிதன்று. தம் சமயத்தாரில் பலர் தம்மை விலக்கிப் பேசுவார்கள் என்பதும் அவருக்குத் தெரியும். தெரிந்தே செய்தார்.

1941-இல் பம்பாய் உயர்நீதிமன்ற நீதிபதியானார். 1947 ஆகஸ்டில் நாடு விடுதலை பெற்றபோது, அந்த நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக ஓர் இந்தியர் அமர்ந்தார். அவர் சாக்ளா. அதே ஆகஸ்டில் நாடு இரண்டாகப் பிரிந்து, இலட்சக்கணக்கானோர் வீடுவாசல் இழந்து எல்லை தாண்டினர். முஸ்லிமாகப் பிறந்து இந்தியாவில் தங்கியவர்களின் பற்றைச் சந்தேகக் கண்ணோடு பார்த்தவர்கள் அப்போது இருந்தார்கள். அத்தகைய நாளில் ஒரு பெரிய மாகாணத்தின் நீதிக்கு ஒரு முஸ்லிம் தலைவராக இருந்ததை எண்ணிப் பார்த்தால், அன்றைய தலைவர்களின் பெருந்தன்மையும் புலப்படும். சாக்ளா மீது அவர்கள் வைத்த நம்பிக்கையும் புலப்படும். பதினோரு ஆண்டுகள் அப் பதவியில் இருந்தார்.

அந்தப் பதினோரு ஆண்டுகளில் அவர் எழுதிய தீர்ப்புகள் சட்டம் படிப்போருக்கு உரியவை. நமக்கு ஒரு நிகழ்ச்சி போதும். 1956-ஆம் ஆண்டு திலகர் பிறந்த நூற்றாண்டு. திலகருக்குத் தண்டனை விதித்த அதே மண்டபத்தருகே, அவர் அன்று தம் குற்றமின்மையை எடுத்துச் சொல்லிய சொற்கள் பொறித்த கல்வெட்டு ஒன்றைத் தலைமை நீதிபதி சாக்ளா திறந்துவைத்தார். அந்தத் தண்டனை இந்த நீதிமன்றத்தின் மீது படிந்த கறை என்று வெளிப்படையாகக் கூறினார். ஒரு நீதிமன்றம் தன் பழைய தீர்ப்புக்காகத் தலைகுனிவது எங்காவது கண்டதுண்டா? ஆட்சிக்கு எதிராகப் பேசியவர் நாட்டுக்கு எதிராகப் பேசியவர் ஆகமாட்டார் என்பதை அந்தக் கல் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறது.

1958-இல் ஆயுள் காப்பீட்டுக் கழகம் முந்த்ரா என்பவரின் நிறுவனங்களில் பங்குகள் வாங்கிய விவகாரத்தை விசாரிக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. பொதுமக்கள் முன்னிலையில் வெளிப்படையாக விசாரித்து விரைவாக அறிக்கை தந்தார். அதன் விளைவாக நம் சென்னையைச் சேர்ந்த நிதி அமைச்சர் டி. டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலக நேர்ந்தது. பின்பு சாக்ளா அமெரிக்காவில் இந்தியத் தூதராகவும், இலண்டனில் ஹைகமிஷனராகவும் பணியாற்றினார். 1962 அக்டோபரில் சீனப் படைகள் எல்லை தாண்டியபோது அவர் இலண்டனில்தான் இருந்தார்.

அந்தச் சீனப் போர்தான் நம் கதையின் நடுப்பகுதிக்கு நம்மை அழைத்துச் செல்கிறது. போருக்கு முன்பே நாட்டின் தலைவர்கள் கவலையோடு இருந்தார்கள். மொழிச் சண்டை, சமயக் கலவரம், பிரிவினைக் கோரிக்கை என்று ஒவ்வொரு திசையிலும் புகைந்துகொண்டிருந்தது. மக்களின் உள்ளங்களை இணைக்க வழி காணுமாறு 1961-இல் சம்பூர்ணானந்தர் தலைமையில் ஒரு குழுவை அமைத்தார்கள். மாணவர் உறுதிமொழி எடுப்பதும் அக் குழு கூறிய வழிகளில் ஒன்று. பெரியவர்களும் தப்பவில்லை. 1963-இல் அரசியல் சட்டத்துக்கு வந்த பதினாறாவது திருத்தத்தின்படி, தேர்தலில் நிற்பவர் எவராயினும் நாட்டின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காப்பதாக உறுதி எடுக்கவேண்டும் என்று ஆயிற்று. திராவிட நாடு கேட்டுவந்த திராவிட முன்னேற்றக் கழகம் அக் கோரிக்கையைக் கைவிட்டதும் அவ்வாண்டில்தான்.

விசாகப்பட்டினத்தில் அப்போது மாவட்டக் கருவூல அலுவலராக இருந்தவர் பைடிமர்ரி வெங்கட சுப்பாராவ். நல்கொண்டா மாவட்டத்து அன்னேபர்த்தி என்னும் சிற்றூரில் 1916-இல் பிறந்தவர். தெலுங்கு, வடமொழி, இந்தி, ஆங்கிலம், அரபி எனப் பல மொழிகள் அறிந்தவர். நாளெல்லாம் அரசாங்கக் கணக்கைப் பார்க்கும் அவர், 1962-இல் தம் தாய்மொழியான தெலுங்கில் சில வரிகள் எழுதினார். அதை மூத்த தலைவர் தென்னேட்டி விசுவநாதத்திடம் கொடுத்தார். அவர் அதை ஆந்திரக் கல்வி அமைச்சர் பி. வி. ஜி. ராஜுவிடம் சேர்த்தார். 1963-இல் விசாகப்பட்டினத்துப் பள்ளி ஒன்றில் அது முதன்முதலாக வாசிக்கப்பட்டது. பிறகு மற்ற மொழிகளுக்குப் பெயர்ந்தது.

அதே 1963 நவம்பரில் நேருஜி சாக்ளாவை மத்திய அமைச்சரவைக்கு அழைத்துக் கல்வித் துறையை ஒப்படைத்தார். அடுத்த ஆண்டு மே மாதம் நேருஜி மறைந்தார், சாஸ்திரி பிரதமரானார், சாக்ளா கல்வி அமைச்சராகவே தொடர்ந்தார். கோத்தாரி தலைமையில் புகழ்பெற்ற கல்விக் குழு அமைந்தது அவர் காலத்தில்தான். 1964 அக்டோபர் 11, 12 ஆகிய நாட்களில் பெங்களூரில் மத்தியக் கல்வி ஆலோசனைக் குழுவின் 31-ஆவது கூட்டம் அவர் தலைமையில் கூடியது. உறுதிமொழியை நாடெங்கும் பள்ளிகளில் சொல்லச் செய்வது, 1965 ஜனவரி 26 குடியரசு நாளிலிருந்து தொடங்குவது என்று முடிவாயிற்று.

1965 ஜனவரி 26! தமிழ்நாட்டில் பிறந்த எவரும் அந்தத் தேதியைப் படித்துவிட்டு அப்படியே கடந்துபோக முடியாது. இந்தி மட்டுமே மத்திய அரசின் ஆட்சிமொழி ஆகவேண்டும் என்று அரசியல் சட்டம் குறித்திருந்த நாள் அது. அதற்கு முதல்நாள் மதுரையில் மாணவர் கிளர்ச்சி மூண்டு மாநிலமெங்கும் பரவியது. பூந்தமல்லியிலிருந்து போரூர் வழியாக நகருக்குள் போகும்போது விருகம்பாக்கம் வரும். அதைத் தாண்டினால் கோடம்பாக்கம். கோடம்பாக்கத்துச் சிவலிங்கம் 26-ஆம் நாளும், விருகம்பாக்கத்து அரங்கநாதன் 27-ஆம் நாளும் தமிழுக்காகத் தம்மைத் தீக்கு இரையாக்கிக் கொண்டனர். துப்பாக்கிச் சூடுகள் நடந்தன. அரசுக் கணக்கிலேயே சுமார் 70 பேர் மாண்டனர். மத்திய அமைச்சர்களாயிருந்த சி. சுப்பிரமணியமும் ஓ. வி. அளகேசனும் பிப்ரவரியில் பதவி விலகல் கடிதம் கொடுத்தனர். உயிரைத் தாமே மாய்த்துக்கொள்வதை நாம் ஒருபோதும் ஒப்பமாட்டோம். ஆனால் அந்த நாட்களில் தெருவில் இறங்கிய பிள்ளைகளுக்கு நாட்டுப்பற்று இல்லை என்று சொல்ல எவருக்கு மனம் வரும்?

இங்கேதான் அந்த உறுதிமொழியை எழுத்தெண்ணிப் படிக்கவேண்டும். நாட்டினர் எல்லாரும் உடன்பிறந்தோர் என்கிறது. நாட்டின் பலவகைப்பட்ட பண்பாட்டுச் செல்வத்தில் பெருமை கொள்ளச் சொல்கிறது. அதற்குத் தக்கவராக முயலும்படி கேட்கிறது. பெற்றோர், ஆசிரியர், மூத்தோர் ஆகியோரை மதிக்கச் சொல்கிறது. நாட்டுக்கும் மக்களுக்கும் உழைக்கச் சொல்கிறது. எந்த ஆட்சிக்கும் எந்தக் கட்சிக்கும் கீழ்ப்படிவதாக அதில் ஒரு சொல் இல்லை. எந்த மொழியையும் அது உயர்த்தவில்லை. எந்தச் சமயத்தின் பெயரும் அதில் இல்லை. இந்தி வேண்டாம் என்று முழங்கிய ஒரு மாணவி அதே வாயால் இந்த உறுதிமொழியையும் பொய்யில்லாமல் சொல்லியிருக்க முடியும். மொழிப் போர் கண்ட தமிழ்நாட்டிலும் இது வெறுப்புக்கு ஆளாகாமல் நிலைத்ததற்கு இதுவே காரணம் என்பது என் கருத்து. கருவூலத்தில் பணிபுரிந்த சுப்பாராவ் சொற்களையும் அளந்தே செலவிட்டிருக்கிறார்!

அவ்வாண்டு செப்டம்பரில் பாகிஸ்தானோடு போர் மூண்டது. நம் ஆவடிக் கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்ததும் 1965-இன் இறுதியில்தான். அந்தத் தொழிற்சாலையின் சங்கொலி கேட்டு எழுந்த வீடுகளிலிருந்து எத்தனை எத்தனை பிள்ளைகள் நம் வட்டாரப் பள்ளிகளுக்கு வந்திருக்கிறார்கள்! மலையாளமும் தெலுங்கும் பஞ்சாபியும் பேசும் குடும்பங்கள் ஆவடியில் தமிழ்க் குடும்பங்களோடு ஒரே குடியிருப்பில் வாழ்ந்தன. உடன்பிறந்தோர் என்ற சொல் இங்கே வெறும் அலங்காரம் அன்று.

சாக்ளா தூதராக இருந்த அமெரிக்காவிலும் பள்ளிப் பிள்ளைகள் காலையில் கொடியை நோக்கி உறுதிமொழி சொல்லும் வழக்கம் உண்டு. பிரான்சிஸ் பெல்லமி என்ற போதகர் 1892-இல் எழுதியது அது. கொலம்பஸ் அமெரிக்காவை அடைந்த 400-ஆவது ஆண்டு விழாவுக்காக எழுதப்பட்ட அந்த வாசகம் நாளடைவில் அன்றாடக் கடமையாயிற்று. யெகோவாவின் சாட்சிகள் என்னும் பிரிவினர், கடவுளுக்கன்றி எதற்கும் வணக்கம் செலுத்துவதில்லை என்று தம் பிள்ளைகளைத் தடுத்தனர். பள்ளிகள் பிள்ளைகளை வெளியேற்றின. 1940-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் பள்ளிகளின் பக்கம் தீர்ப்புச் சொல்லிற்று. விளைவு கொடியது. அப் பிரிவினரைப் பல ஊர்களில் கும்பல்கள் தாக்கின. மூன்றே ஆண்டுகளில், அதுவும் உலகப் போர் உச்சத்தில் இருந்த 1943-இல், அதே நீதிமன்றம் தன் தீர்ப்பை மாற்றிக்கொண்டது. கொடிவணக்கத்துக்கும் உறுதிமொழிக்கும் எந்தப் பிள்ளையையும் கட்டாயப்படுத்தலாகாது என்றது.

நம் நாட்டிலும் இதுபோன்ற வழக்கு வந்தது. 1985-இல் கேரளத்தில் அதே பிரிவைச் சேர்ந்த, ஒரே வீட்டுப் பிள்ளைகள் மூவரைப் பள்ளி வெளியேற்றியது. நாட்டுப்பண் பாடும்போது அவர்கள் மற்றவரோடு மரியாதையாக எழுந்து நின்றார்கள். பாட மட்டும் இல்லை. 1986 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சேர்க்கும்படி ஆணையிட்டது. மரியாதையோடு நின்ற பிள்ளையின் மௌனம் அவமதிப்பு ஆகாது என்றும், மனச்சான்றின் உரிமை அரசியல் சட்டம் தந்த உரிமை என்றும் நீதிபதிகள் கண்டனர். அவ் வழக்கு நாட்டுப்பண் பற்றியது; உறுதிமொழி பற்றியது அன்று. எனினும் நியாயம் ஒன்றே.

அப்படியானால் உறுதிமொழியையே விட்டுவிடலாமே என்று கேட்பீர்கள். நான் அப்படி நினைக்கவில்லை. எட்டு வயதில் பொருள் முழுதும் விளங்காது என்பது உண்மையே. எட்டு வயதில் ஆத்திசூடியும்தான் முழுதும் விளங்காது. விளங்கும் நாள் வரும்போது நாவில் அது தயாராக இருப்பது நன்மை. ஆனால் நம் மாணவியர் சிலர் உறுதிமொழி சொல்லும் வேகத்தைப் பார்த்தால், ஆவடியில் புறப்பட்ட விரைவு வண்டி அண்ணனூரிலும் திருமுல்லைவாயிலிலும் நிற்காமல் ஓடுவதுதான் நினைவுக்கு வருகிறது! வாரத்தில் ஒரு நாளாவது ஓர் ஆசிரியை ஒரு வரியை எடுத்து விளக்கினால், ஆறு நாள் ஓதுவதைவிட அது மேலாகும். வாய் திறவாமல் நிற்கும் பிள்ளை யாரேனும் இருந்தால், தண்டிப்பதற்கு முன் காரணம் கேட்கலாம். அவள் வீட்டாரின் நம்பிக்கை காரணமாக இருக்கலாம். வெறும் தொண்டைக் கட்டாகவும் இருக்கலாம். அளவுகோலாக எடுத்துப் பிள்ளைகளை அளப்பதற்கு அந்த உறுதிமொழியை எவரும் எழுதவில்லை.

இப்படிச் சொல்வதற்குத் துணிவு தருவது சாக்ளாவின் பிற்கால வாழ்க்கைதான். 1964-இல் காஷ்மீர் பிரச்சினை ஐ. நா. பாதுகாப்பு மன்றத்துக்கு வந்தபோது இந்தியாவின் வாதத்தை எடுத்துரைத்தவர் அவர். எதிரே பாகிஸ்தானுக்காகப் பேசியவர் பூட்டோ. 1966 நவம்பரில் சாக்ளா வெளியுறவு அமைச்சரானார். இதைவிட உயர்ந்த நம்பிக்கையை ஒரு நாடு ஒருவர் மீது வைக்க இயலுமா? ஆனால் ஓராண்டு நிறைவதற்குள், 1967 செப்டம்பரில், அந்தப் பதவியை அவரே தூக்கி எறிந்தார்.

காரணம் பணமும் அன்று, பகையும் அன்று. கல்வி. பல்கலைக்கழகங்களில் ஆங்கிலத்தை அகற்றி, அந்தந்த மாநில மொழியில் எல்லாப் பாடங்களையும் விரைவாகக் கொண்டுவருவது என்று அரசு முடிவெடுத்தது. ஒரு மாநிலத்து அறிஞர் மற்றொரு மாநிலத்தாரோடு பேசப் பொதுமொழி இல்லாமல் போனால் நாட்டின் ஒற்றுமை குலையும், கல்வித் தரமும் தாழும் என்று சாக்ளா அஞ்சினார். இந்த அச்சத்தில் எவ்வளவு சரி என்பதில் இரு கருத்து இருக்கலாம். தாய்மொழியில் உயர்கல்வி வேண்டும் என்று வாதிடுவோரும் நாட்டை நேசிப்பவர்களே. ஆனால் நாட்டின் ஒற்றுமைக்குக் கேடு என்று தாம் நம்பிய ஒன்றைச் செய்யும் அமைச்சரவையில் அவர் ஒரு நாளும் இருக்க விரும்பவில்லை. பள்ளிப் பிள்ளைகளுக்கு உறுதிமொழி தந்தவர் தாமும் அதை ஒரு விதத்தில் காத்தார் என்றே எனக்குத் தோன்றுகிறது. வெளியுறவு அமைச்சரின் நாற்காலி அன்று அவருக்கு அதைவிடச் சிறிதாகப் பட்டது.

பதவி விலகிய பின் மறுபடி வழக்கறிஞர் தொழிலுக்குத் திரும்பினார். டிசம்பர் மாதத்து ரோஜாக்கள் என்று பொருள்படும் பெயரில் ஆங்கிலத்தில் தன்வரலாறு எழுதினார். முதுமையில் அமைதியாக இருந்திருக்கலாம். 1975 ஜூனில் நாட்டில் நெருக்கடி நிலை வந்தது. தலைவர்கள் சிறையில், பத்திரிகைகளுக்குத் தணிக்கை, பேசத் துணிந்தவர்கள் சிலரே. அவ்வாண்டு அக்டோபரில் ஆமதாபாத்தில் குடியுரிமை மாநாடு ஒன்று நடந்தது. எழுபத்தைந்து வயதான சாக்ளா அதில் எழுந்து நின்று, மக்களின் உரிமைகளைப் பறித்தது தவறு என்று அச்சமின்றிப் பேசினார். அப்போதைய அரசைப் பொறுத்தவரை அப்படிப் பேசியவர்கள் நாட்டுக்கு ஊறு செய்வோர். 1908-இல் திலகருக்குச் சூட்டிய பெயரும் அதுதானே?

இனி சுப்பாராவ் அவர்களின் மீதிக் கதை. தாம் எழுதிய வரிகள் நாட்டின் மூலைமுடுக்கெல்லாம் ஒலிப்பது நெடுங்காலம் அவருக்கே தெரியாது என்கிறார்கள். வீட்டில் பேத்தி பாடநூலை விரித்து உறுதிமொழியை உரக்கப் படித்துக்கொண்டிருந்தாளாம். கேட்டவர் திடுக்கிட்டு, இது நான் எழுதியதாயிற்றே என்று உணர்ந்தாராம். அச்சிட்ட பக்கத்தில் அவர் பெயர் இல்லை. அதற்காக அவர் எவரோடும் வழக்காடவும் இல்லை. 1988-இல் காலமானார். அவர் பெயர் நூல்களிலும் செய்தித்தாள்களிலும் பரவலாகப் பேசப்பட்டது அதற்கும் பல ஆண்டுகள் கழித்துத்தான்.

சாக்ளா அவருக்கு முன்பே, 1981 பிப்ரவரி 9-ஆம் நாள், பம்பாயில் இதயம் நின்று மறைந்தார். அவர் நீதி வழங்கிய உயர்நீதிமன்றக் கட்டடத்தில் அவருக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். திலகருக்காக அவர் திறந்துவைத்த கல்வெட்டும் அதே கட்டடத்தில் இருக்கிறது.